தூவாவுக்குப் புதியவரா? காதிலிருந்து தொடங்குங்கள்

மத்திய ஆசியா என்றதும் ‘ஸ்தான்’ என்று முடியும் ஐந்து நாடுகள்தான் நினைவுக்கு வரும். எம்பிபிஎஸ் படிக்கப் போன பிள்ளைகள் புண்ணியத்தில் கிர்கிஸ்தான் என்ற பெயர் நம் ஊர் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. தூவா அந்த வரிசையில் வராது. ரஷ்யக் கூட்டமைப்புக்குள், மங்கோலியாவின் தலைமாட்டில், நாலு பக்கமும் மலை சூழக் கிடக்கும் ஒரு குடியரசு அது. பரப்பு சுமார் 1,70,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைவிடப் பெரியது. மக்கள்தொகையோ 3.4 லட்சத்தைத் தாண்டாது. திருநெல்வேலி மாநகரத்தில் இருப்பவர்களை அங்கே கொண்டுபோய் விட்டால் உள்ளூர்க்காரர்கள் சிறுபான்மை ஆகிவிடுவார்கள்.

நான் இதற்குள் விழுந்தது ஒரு முக்கோணத் தபால்தலை வழியாக. பல வருடம் ஆகியும் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த ஊர் ஆற்றின் பெயர், பாட்டு, டீ எல்லாம் எனக்குப் பழக்கமாகிவிட்டன. எந்த வரிசையில் தெரிந்துகொண்டிருந்தால் நேரம் மிச்சமாகியிருக்கும் என்று இப்போது புரிகிறது. அந்த வரிசைதான் இது. கையில் ஒரு போன், ஒரு இயர்போன், தினம் அரை மணி நேரம் போதும்.

1. பெயரையும் இடத்தையும் சரியாகப் பிடியுங்கள்

தமிழில் ‘துவா’ என்று தேடினால் இஸ்லாமியப் பிரார்த்தனைகள்தான் வந்து நிற்கும். ‘தூவா’ என்று நெடிலில் தேடுங்கள். லத்தீன் எழுத்தில் தேடும்போது இரண்டு எழுத்துக்கூட்டல் வேண்டும்: டி-யூ-வி-ஏ என்பது உலகம் பழகியது, டி-ஒய்-வி-ஏ என்பது அவர்களே வைத்துக்கொண்டது. இரண்டாவதில் தேடினால்தான் உள்ளூர்க்காரர்கள் போட்ட வீடியோக்கள் கிடைக்கும்.

அடுத்து வரைபடம். கிரேட் நிக்கோபார் தீவில் விரலை வைத்து ஏறக்குறைய நேர் வடக்கே இழுத்துக்கொண்டு போங்கள். மியான்மரின் மேற்கோரம், அருணாசலப் பிரதேசம், திபெத், மங்கோலியாவின் மேற்குப் பகுதி என்று தாண்டி விரல் நிற்கும் இடம் கிஸில். அதுதான் தலைநகர். பெயருக்கு ‘சிவப்பு’ என்று பொருள். நம் கடிகாரத்தைவிட அங்கே ஒன்றரை மணி நேரம் முன்னால்.

இப்போது செயற்கைக்கோள் படத்துக்கு மாறிக் கிஸிலைப் பெரிதாக்குங்கள். பீ-ஹேம், கா-ஹேம் என்ற இரண்டு ஆறுகள் நகரத்தை ஒட்டிக் கூடுவது தெரியும். அங்கிருந்துதான் யெனிசேய் என்ற பெயரில் அந்த ஆறு ஆர்க்டிக் கடல் வரை ஓடுகிறது. தூவர்கள் அதை உலுக்-ஹேம் என்கிறார்கள். பெரிய ஆறு என்று அர்த்தம். கரையில் ‘ஆசியாவின் மையம்’ என்று ஒரு தூண் நிற்கிறது. ஒரு கண்டத்தின் நடுப்புள்ளியை எப்படி அளப்பது என்பதில் ஆளுக்கொரு கணக்கு உண்டு. சீனாவில் உரும்சி அருகே இதேபோல இன்னொரு ஆசிய மையம் இருக்கிறது. அதற்காகக் கிஸில்காரர்களிடம் போய் வாதம் செய்ய வேண்டாம்.

படத்தைச் சுற்றிலும் நகர்த்துங்கள். வடக்கே சயான் மலைகள், தெற்கே தன்னு-ஓலா. ரயில் பாதையைத் தேடிக் கண்ணை வலிக்கவிட வேண்டாம், கிடையாது. வடகிழக்கில் கரும்பச்சையாகத் தெரிவது தோஜா காடு, கலைமான் மேய்ப்பவர்களின் ஊர். தெற்கே மங்கோலிய எல்லையில் வெளிறித் தெரிவது உப்சு-நூர் படுகை. அங்கே ஒட்டகம் மேய்க்கிறார்கள். கலைமானும் ஒட்டகமும் ஒரே குடியரசில்! உப்சு-நூர் 2003இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

2. வரலாற்றுக்குத் தபால்தலை வழியே போங்கள்

நேரடியாக வரலாற்றுப் புத்தகத்தில் இறங்கினால் சீனத்துக் கிங் பேரரசு, ஜார், செம்படை, வெண்படை என்று தலை சுற்றும். நான் சொல்லும் வழி சுலபமானது. 1926 முதல் 1930களின் கடைசி வரை தூவா வெளியிட்ட தபால்தலைப் படங்களை இணையத்தில் வரிசையாகப் பாருங்கள்.

தூவா தபால்தலை போட்டது எப்படி? அது ஒரு காலத்தில் தனி நாடு. 1911 வரை சீனத்துக் கிங் அரசின் கீழ் இருந்தது, 1914இல் ரஷ்யாவின் பாதுகாப்புக்குள் வந்தது, 1921 ஆகஸ்டில் தன்னு-தூவா என்ற பெயரில் மக்கள் குடியரசாக அறிவித்துக்கொண்டது. அங்கீகரித்த நாடுகள் இரண்டே: சோவியத் ஒன்றியமும் மங்கோலியாவும். 1926இல் வந்த முதல் தபால்தலைகளில் பௌத்தத்தின் தர்மச் சக்கரமும் மங்கோலிய எழுத்தும் இருக்கும். அப்போது நாட்டை நடத்திய தொண்டுக் கூலார் முன்னாள் லாமா, அதாவது பௌத்தத் துறவி. பௌத்தத்தை அரசு மதமாக்கப் பார்த்தார். மாஸ்கோவுக்கு அது பிடிக்கவில்லை. 1929இல் பதவி போனது, 1932இல் உயிரும் போனது. அவருக்குப் பின் சல்சாக் தோக்கா வந்தார். 1973இல் சாகும்வரை அதிகாரத்தின் உச்சியில் அவர்தான்.

தபால்தலையிலும் இந்த மாற்றம் தெரியும். சக்கரம் மறைகிறது. 1930களின் நடுவில் வைர வடிவம், முக்கோணம் என்று பெரிய பெரிய வண்ணத் தபால்தலைகள் வருகின்றன. வில் எய்பவர்கள், மல்யுத்தம், யாக், கரடி, ஆகாயக் கப்பல். ஒன்றில் ஒட்டகத்துக்குப் பக்கத்தில் ரயில் புகைவிட்டுக்கொண்டு போகும். ரயிலே இல்லாத நாடு என்று சற்றுமுன் சொன்னேன் அல்லவா? இவற்றை அச்சடித்தது மாஸ்கோவில். பெரும்பகுதி அங்கேயே முத்திரை குத்தப்பட்டு, உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்களுக்கு விற்கப்பட்டது. அந்நியச் செலாவணி வேண்டும் என்றால் கம்யூனிஸ்டுகளுக்கும் வியாபாரம் தெரியும்.

1944 அக்டோபரில் தூவா சத்தமில்லாமல் சோவியத் ஒன்றியத்தில் சேர்க்கப்பட்டது. உலக வரைபடத்திலிருந்து ஒரு நாடு காணாமல் போனதைப் பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை. கவனித்தவர்கள் ஆல்பத்தில் அந்த முக்கோணங்களை ஒட்டி வைத்திருந்த பிள்ளைகள். அவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஃபைன்மன். 1965இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். 1977இல் ஒரு இரவு, சாப்பாட்டு மேஜையில், நண்பர் ரால்ஃப் லைட்டனிடம் “தன்னு-தூவா என்ன ஆச்சு?” என்று கேட்டிருக்கிறார். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் தலைநகரின் பெயர் கே-ஒய்-இசட்-ஒய்-எல். ஆங்கிலப் பிள்ளைகள் உயிரெழுத்தென்று படிக்கும் ஐந்தில் ஒன்றுகூட இல்லாத பெயர். இது ஒன்று போதாதா, போயே தீர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். பனிப்போர்க் காலம். கடிதம், அனுமதி, மறுப்பு என்று பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. 1988 பிப்ரவரி 15இல் ஃபைன்மன் புற்றுநோயில் இறந்தார். சோவியத் அதிகாரிகளின் அழைப்புக் கடிதம் அதற்குச் சில நாள் கழித்து வந்து சேர்ந்தது.

தபால்தலை வாங்க ஆசை வந்தால் ஒரு எச்சரிக்கை. பழையவற்றில் பெரும்பாலும் டி-ஓ-யூ-வி-ஏ என்று இருக்கும், நடுவில் ஒரு ‘ஓ’வுடன். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு 1990களில் தூவாவின் பெயரில் டைனோசர், சினிமா நடிகை எல்லாம் போட்டுப் பளபளவென்று வந்தவை தபாலுக்குச் செல்லாத வெறும் காகிதம். இது தெரியாமல் ஒரு விற்பனையாளரிடம் அப்படி ஒரு முழுத் தாளையே வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஆல்பத்தைத் திறந்த பிறகுதான், இவ்வளவு மலிவாகக் கொடுத்தாரே என்று உறைத்தது. 1936ஆம் வருடத்து முத்திரை குத்திய ஒற்றைத் தபால்தலையிலிருந்து தொடங்குங்கள். பெரிய செலவு ஆகாது.

3. இப்போது இயர்போனை மாட்டுங்கள்

தூவாவுக்கான உண்மையான வாசல் இதுதான். மேலே சொன்ன இரண்டையும் நீங்கள் தாண்டிக் குதித்திருந்தாலும் பரவாயில்லை.

ஹூமேய். தொண்டைப் பாட்டு என்று தமிழில் சொல்லலாம். ஒரே ஆள், ஒரே மூச்சில், இரண்டு சுரங்களைப் பாடுவது. கீழே ஒரு சுரம் ரீங்காரம் போல நிற்கும். மேலே புல்லாங்குழல் ஊதுவது போல ஒரு மெட்டு தனியாக நடக்கும். முதல் தடவை கேட்பவர்கள் பின்னால் யாரோ விசில் அடிக்கிறார்கள் என்றே நினைப்பார்கள்.

நமக்கு இது அவ்வளவு அந்நியமானது இல்லை. சுருதி சுத்தமாகச் சேர்த்த தம்புராவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களா? யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் அதிலிருந்து தானாக எழும். தந்தியின் அடிப்படை அதிர்வோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வுகளும் சேர்ந்தே பிறக்கின்றன. அந்த ஐந்தாவதுதான் காந்தாரம். மனிதக் குரலிலும் இந்த மேற்சுரங்கள் எப்போதும் இருக்கின்றன. தூவப் பாடகர் நாக்கையும் உதட்டையும் வைத்து வாய்க்குள் இருக்கும் வெளியைச் சுருக்கி, தனக்கு வேண்டிய ஒரு மேற்சுரத்தை மட்டும் உரக்கக் கேட்கும்படி பெரிதாக்குகிறார்.

அடிப்படைச் சுரம் நொடிக்கு 150 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம். எட்டாவது மடங்கு 1,200. அதை மேல் சட்ஜமாகக் கொண்டால் ஒன்பதாவது ரிஷபம், பத்தாவது காந்தாரம், பன்னிரண்டாவது பஞ்சமம். ஏழும் பதினொன்றும் காதுக்கு ஒட்டாது என்று பாடகர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். ச, ரி, க, ப. மோகனத்தில் தைவதத்தை மட்டும் ஒளித்து வைத்த மாதிரி. கேட்டதும் எங்கேயோ கேட்டது போலிருக்கிறதே என்று தோன்றினால் காரணம் இதுதான்.

பாணிகளில் மூன்றைப் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். ஹூமேய் என்பது மொத்தக் கலைக்கும் பெயர், மென்மையான ஒரு பாணிக்கும் அதே பெயர். சிகித் என்பது உச்சத்தில் கூர்மையான விசில். கர்கிரா என்பது பாதாளம். இதில் உண்மைக் குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் பொய்க் குரல்நாண்களும் சேர்ந்து, உண்மை நாண் இரண்டு தடவை அதிர்ந்தால் ஒரு தடவை என்ற கணக்கில் அதிர்கின்றன. அதனால் சுரம் ஒரு ஸ்தாயி கீழே விழுகிறது. இவற்றின் மேல் ஏற்றும் நகாசு வேலைகளும் உண்டு. குதிரையின் அங்கவடி குலுங்கும் தாளத்தில் பாடுவது எசெங்கிலேர், ஓடை உருண்டு ஓடுவது போலப் பாடுவது போர்பங்நதிர். எல்லாமே மேய்ச்சல் வெளியில் பிறந்தவை. ஆறு, காற்று, பறவை, குதிரை ஆகியவற்றின் ஓசைக்குப் பதில் ஓசை கொடுப்பதாகவே அவர்கள் இதைச் சொல்கிறார்கள்.

யாரைக் கேட்பது? ஹூன்-ஹூர்-து குழுவிலிருந்து தொடங்குங்கள். விடியலிலும் அந்தியிலும் புல்வெளியில் சூரியக் கதிர்கள் பிரிந்து விழும் காட்சிக்கு அந்தப் பெயர். அப்புறம் அலாஷ். இளையவர்கள், நேர்த்தியானவர்கள். பிறகு கொங்கர்-ஓல் ஒண்டார், 2013இல் மறைந்தவர். தூவாவை அமெரிக்க மேடைகளுக்குக் கொண்டுபோன சிரித்த முகம். ராக் பிடிக்கும் என்றால் யாத்-ஹா. கிதார் இரைச்சலுக்குள்ளிருந்து ஆல்பர்ட் குவெசினின் பாதாளக் குரல் வரும். கடைசியாக தீவா கிஸி, ‘தூவாவின் பெண்கள்’. பெண்கள் தொண்டைப் பாட்டுப் பாடினால் பிள்ளைப்பேறு பாதிக்கும் என்று ஊரில் ஒரு தடை இருந்தது. அதை மீறி 1998இல் தொடங்கிய குழு இது.

வாத்தியங்களையும் கவனியுங்கள். இகில் என்பது இரண்டு தந்தி, குதிரைத் தலை செதுக்கிய உச்சி, வில் போட்டு வாசிப்பது. ஹோமுஸ் என்று ஒன்று வரும். பார்த்ததும் சிரித்துவிடுவீர்கள். நம் கச்சேரியில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மோர்சிங்கின் உடன்பிறப்பு. நம்மவர்கள் அதில் தாளச் சொற்கட்டு வாசிக்கிறார்கள், அவர்கள் மேற்சுரங்களால் மெட்டுப் போடுகிறார்கள்.

4. நீங்களும் முயலுங்கள்

கேட்பதோடு நிறுத்தினால் பாதிதான். வாயில் போட்டுப் பார்த்தால்தான் அந்தக் கலையின் மேல் மரியாதை வரும். இடம்: குளியலறை. ஓடு பதித்த சுவர் எதிரொலிக்கும், வீட்டார் கேலியும் குறையும்.

வசதியான ஒரு நடுச்சுருதியில் ‘ஊ’ என்று பிடியுங்கள். மூச்சை விடாமல், மிக மெதுவாக, பத்து நொடி எடுத்துக்கொண்டு ‘ஈ’ வரை போங்கள். சுருதி அசையக் கூடாது. கொஞ்சம் மூக்கிலும் ஒலியை விடுங்கள். நடுவழியில் மெல்லிய விசில் படிப்படியாக ஏறுவது கேட்கும். கேட்கவில்லை என்றால் ஒரு காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மறுபடி செய்யுங்கள்.

அடுத்தது நமக்கென்றே வைத்த பயிற்சி. ‘வாழை’ என்று சொல்லத் தொடங்கி ‘ழ்’ வந்ததும் அங்கேயே நில்லுங்கள். நாக்கு மேலே வளைந்து, எதையும் தொடாமல் நிற்கிறது அல்லவா? அப்படியே ‘ழ்ழ்ழ்’ என்று நீட்டிக்கொண்டு உதட்டை மட்டும் குவித்து விரியுங்கள். மேற்சுரம் பளிச்சென்று துள்ளும். இந்த நாக்கு நிலையில் வாயின் இரண்டு ஒத்ததிர்வுகள் நெருங்கி வந்து ஒன்றையொன்று தாங்குகின்றன. வெள்ளைக்காரர்கள் வகுப்புக்குப் போய்க் கற்கும் நிலை இது. நமக்குத் தமிழாசிரியர் பிரம்போடு சொல்லிக் கொடுத்தது. (ழகரம் வராதவர்கள் ‘ஊ-ஈ’யிலேயே இன்னும் ஒரு வாரம் இருக்கலாம்.)

மூன்றாவது, சிகித்துக்கான நாக்கு. ‘ல்’ சொல்வது போல நுனியை மேல் பல்வரிசைக்குப் பின்னால் ஒட்டி, நாக்கின் ஓரங்களையும் மேல் பற்களோடு ஒட்டிவிடுங்கள். ஒரு பக்கம் கடைவாய்ப்பல் அருகே மட்டும் சின்னத் துவாரம். தொண்டையை, பாரம் தூக்கும்போது இறுகுமே அந்த அளவுக்கு இறுக்கிப் பாடுங்கள். தொடக்கத்தில் வாத்து கத்துவது போல இருக்கும். சரி, இருக்கட்டும்.

போனில் ஒலியலைகளைப் படமாகக் காட்டும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டால் மேற்சுரங்கள் ஏணிப்படி போலக் கோடுகளாகத் தெரியும். எந்தப் படி பிரகாசமாகிறது என்று பார்த்துக்கொண்டே நாக்கை நகர்த்தலாம். எனக்கு மூன்று வாரத்தில் வராதது அதன் பிறகு இரண்டு நாளில் வந்தது.

ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தொண்டை கரகரத்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கர்கிராவைத் தெரிந்தவர் துணையில்லாமல் வலுக்கட்டாயமாக முயல வேண்டாம். முக்கியமாக, ‘ஊ-ஈ’யில் வந்த விசிலை வைத்துக்கொண்டு ஹூமேய் கற்றுவிட்டேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அது வாசல்படி மட்டும்.

உள்ளே போக முடியாதா என்றால், பால் பீனாவைப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பார்வையற்ற ப்ளூஸ் பாடகர். 1984இல் ஒரு நாள் சிற்றலை வானொலியைத் திருகிக்கொண்டிருந்தவர் காதில் மாஸ்கோ வானொலி வழியே இந்தப் பாட்டு விழுந்தது. என்ன பாட்டு, எந்த ஊர் என்று கண்டுபிடிக்கவே வருடங்கள் ஆயின. இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தானாகவே கற்றார். அச்செழுத்தை விரலால் தொட்டுணர வைக்கும் ஒரு கருவியைக் கொண்டு, தூவ மொழிக்கு ரஷ்ய அகராதி, ரஷ்யனுக்கு ஆங்கில அகராதி என்று இரண்டு தாவலில் மொழியையும் படித்தார். 1995இல் கிஸிலுக்கே போய், உள்ளூர்ப் போட்டியில் கர்கிரா பிரிவில் வென்றார்.

5. நாலு சொல்

தூவ மொழி துருக்கியக் குடும்பத்தைச் சேர்ந்தது, மங்கோலியக் கடன்சொற்கள் ஏராளம். இப்போது சிரிலிக் எழுத்தில் எழுதுகிறார்கள். ‘எக்கீ’ என்றால் வணக்கம். ‘செத்திர்திம்’ என்றால் நன்றி. இந்த இரண்டையும் வைத்து ஒரு பாடகரின் வீடியோவில் கருத்துப் போட்டுப் பாருங்கள், பதில் வராமல் போகாது.

சொல் அமைப்பு நமக்குக் கஷ்டமாக இருக்காது. நம்மைப் போலவே ஒட்டிக்கொண்டே போவார்கள்: குதிரை, அதன்மேல் ‘கள்’, அதன்மேல் ‘என்’, அதன்மேல் ‘இடம்’. எல்லாம் ஒரே சொல். ஒலியில்தான் ஒரு பொறி இருக்கிறது. ‘அத்’ என்று சாதாரணமாகச் சொன்னால் பெயர். அதே சொல்லைத் தொண்டையை அழுத்தித் தாழ்ந்த குரலில் சொன்னால் குதிரை. ‘ஓத்’ என்பது நெருப்பு, தொண்டையை அழுத்தினால் புல். பேச்சிலேயே தொண்டைக்கு வேலை வைத்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. தூவ மொழியில் ‘சோங்கார்’ என்றால் பின்பக்கம், எதிர்காலம் என்பதற்கும் அதுவே. ‘புருங்கார்’ என்றால் முன்பக்கம், இறந்தகாலம். மொழியியலாளர்கள் இதைப் பெரிய அதிசயமாக எழுதுகிறார்கள்: எதிர்காலம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறதாம், கடந்தது கண் முன்னால் தெரிகிறதாம். படித்துவிட்டு நானும் வியந்தேன். அப்புறம்தான் யோசித்தேன். முன்னோர் யார்? நமக்கு முந்தியவர்கள். முன்பு என்றால் கடந்தது. பின்பு என்றால் இனி வருவது. பின்னாளில் வருந்துவாய் என்று பாட்டி சொன்னது எதிர்காலத்தைத்தான். கிஸிலில் கண்ட அதிசயத்தை நாம் தினம் ஐம்பது தடவை வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

6. ஒரு டம்ளர் உப்பு டீ

தூவ டீயில் சர்க்கரை கிடையாது, உப்பு. செங்கல் போல அழுத்திய பச்சைத் தேயிலையை உடைத்துக் கொதிக்கவிட்டு, பால் ஊற்றி, உப்புப் போட்டு, அகப்பையால் மொண்டு மொண்டு ஊற்றுவார்கள். வீட்டில் செய்ய இரண்டு டம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் தேயிலை, ஒரு டம்ளர் பால், ஒரு சிட்டிகை உப்பு போதும். நம் மாஸ்டர் ஆற்றுவது போல நன்றாக ஆற்றுங்கள். ‘தாரா’ என்று வறுத்த சிறுதானியத்தை அதில் போட்டு மென்றுகொண்டே குடிப்பது வழக்கம். டீ என்று நினைத்துக் குடித்தால் முகம் கோணும். பால் விட்ட ரசம் என்று மனதைத் தயார் செய்துகொண்டு குடித்தால் இரண்டாவது வாயில் பழகிவிடும். எங்கள் வீட்டில் இது இன்னும் வாக்கெடுப்பில் தோற்றுக்கொண்டே இருக்கிறது. மைனஸ் 40ஐத் தொடும் ஜனவரியில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து குடித்தால் அதன் நியாயம் புரியும் போல.

7. நேரில் போவதென்றால்

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், நிலைமை மாறிக்கொண்டே இருக்கிறது. ரஷ்யா இந்தியர்களுக்கு 2023 முதல் மின்விசா தருகிறது. போர்க்காலம் என்பதால் நம் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையைப் பார்க்காமல் டிக்கெட் போட வேண்டாம். வெளிநாட்டு வங்கிகள் தந்த விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகள் 2022 மார்ச்சிலிருந்து அங்கே செல்லாது, பணமாகத்தான் கொண்டுபோக வேண்டும். மாஸ்கோ வழியாக விமானத்தில் கிஸிலுக்குப் போகலாம். எனக்கு ஆசை அபகான் வரை போய், அங்கிருந்து சுமார் 400 கிலோமீட்டர் சயான் மலைச்சாலையில் இறங்குவது. மங்கோலிய எல்லையை ஒட்டிய பகுதிகளுக்குத் தனி அனுமதி வேண்டும், முன்கூட்டியே வாங்க வேண்டும். மாதம், ஜூலை அல்லது ஆகஸ்ட். ஆகஸ்டில் நாதிம் விழா: ஹூரெஷ் மல்யுத்தம், குதிரைப் பந்தயம், வில்வித்தை.

கிஸிலில் தேசிய அருங்காட்சியகத்தைத் தவற விடாதீர்கள். அர்ஜான் என்ற இடத்தில் 2001 முதல் 2003 வரை ரஷ்ய-ஜெர்மானியக் குழு ஒரு சமாதி மேட்டைத் தோண்டியது. கி.மு. ஏழாம் நூற்றாண்டு, சித்தியர் என்ற குதிரைவீர நாடோடிகளின் அரசன் ஒருவனும் ஒரு பெண்ணும். கொள்ளையர் கை படாமல், சுமார் 20 கிலோ தங்கத்தோடு கிடந்தார்கள். சிறுத்தை, மான், காட்டுப்பன்றி என்று நகத்தளவு தங்க உருவங்கள் ஆயிரக்கணக்கில்.

சாலையோரம், கணவாய் உச்சிகளில், கல் குவித்து வைத்திருப்பார்கள். ஓவா என்று பெயர். பக்கத்து மரங்களில் சலாமா எனும் வண்ணத் துணிப்பட்டைகள் காற்றில் ஆடும். வேண்டுதலுக்கு மரத்தில் மஞ்சள் துணி முடியும் நமக்கு விளக்கம் தேவையில்லை. வண்டியை நிறுத்தினால் நீங்களும் ஒரு கல் வையுங்கள். அங்கிருந்து எதையும் எடுக்காதீர்கள். ஆவிகளோடு பேசும் ஷாமன் பூசாரியின் சடங்கு நடந்தால் கேட்காமல் போனை நீட்ட வேண்டாம்.

மேய்ப்பவர் கூடாரத்தில் தங்க இடம் கிடைத்தால் காலையில் கொஞ்சம் சீக்கிரம் எழுந்து வெளியே வாருங்கள். அன்றைய முதல் டீயை வீட்டுப் பெண்மணி தான் குடிக்க மாட்டார். ‘தோஸ்-கரக்’ என்றொரு மரக்கரண்டி வைத்திருப்பார். தோஸ் என்றால் ஒன்பது, கரக் என்றால் கண். கரண்டி முகத்தில் ஒன்பது குழிகள் செதுக்கியிருக்கும். அதில் பால் கலந்த டீயை மொண்டு, வாயில் ஏதோ சொல்லிக்கொண்டே, மலைக்கும் ஆற்றுக்கும் வானத்துக்குமாக வீசித் தூவுவார். தூவி முடித்த பிறகுதான் உங்கள் கிண்ணம் நிறையும்.